ஐப்பசியில் கடைசி முந்நூறு

திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் மூன்றாவது மாடியில் தங்கிக்கொண்டு ரேஸ் சைக்கிளும் வைத்திருப்பவருக்கு ஒரு வித்தை தானாகக் கைவந்துவிடும். மேல்குழாயை வலது தோளில் மாட்டி, வலது கையை முன்குழாய்க்கு அடியில் விட்டு ஹேண்டில்பாரின் இடது வளைவைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சுவரைத் தொட்டபடி குறுகலான படியில் ஏறுவது. பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் இதே பிடியை ஒரு பந்தயத்துக்காகப் பழகுகிறார்கள். சைக்ளோகிராஸ் என்று பெயர். செப்டம்பரில் தொடங்கிப் பிப்ரவரி வரை நீளும் சீசன். சேறு, மணல், உறைந்த புல். ஓட்ட முடியாத இடத்தில் இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். 1950இல் பாரிஸில் நடந்த முதல் உலகப் போட்டியை வென்றவர் ஜான் ரோபிக். அதற்கு மூன்று ஆண்டு முன்னால் டூர் டி பிரான்ஸையே வென்றிருந்தவர்.

நமக்கு உறைபனி கிடையாது. சென்னையின் குளிர்காலம் மழையாகத்தான் வரும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். ஊரின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அதன்பின் வரும் இரண்டு, இரண்டரை மாதத்தில் கொட்டித் தீர்க்கும். நம்மூர் அமெச்சூர் சைக்கிள்காரர்கள் பலர் ஓட்டும் பிரெவே எனும் நெடுந்தூர ரைடுகளின் சீசன் முடிவதும் அக்டோபர் 31இல்தான். ஆக, கணக்கில் ஒரு ரைடு பாக்கி வைத்திருப்பவர் அதை ஐப்பசி மழையில்தான் முடிக்க வேண்டியிருக்கும். சைக்ளோகிராஸ்காரருக்கு ஜனவரிச் சேறு எப்படியோ, நமக்கு ஈ.சி.ஆர். எனும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அந்த ஐப்பசி இரவு அப்படி.

மறுநாளோ அதற்கு மறுநாளோ ஆபீஸ் இருக்கிறது. இந்த ரைடை எப்படி ஓட்டுவது என்று சொல்ல ஆள் நிறைய உண்டு. வேலைக்குப் போகிற ஒருவர் இதை எப்படி முடித்துவிட்டுத் திங்கட்கிழமை காலை தெளிவான தலையோடு மேசைக்கு வந்து சேருவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். என் அனுபவத்தில் திட்டத்தைத் திங்கட்கிழமையிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். கிளம்பும் நேரத்திலிருந்து முன்னோக்கிப் போடுகிறவர்கள் ரைடை முடித்துவிடுகிறார்கள், வேலையில் தடுமாறுகிறார்கள்.

கணக்கு தெரியாதவர்களுக்கு

பிரெவே பந்தயம் இல்லை. முதலிடம், பரிசு எதுவும் கிடையாது. குறித்த தூரத்தைக் குறித்த நேரத்துக்குள், வெளியுதவி இல்லாமல் முடிக்க வேண்டும். 200 கி.மீ. என்றால் 13 மணி 30 நிமிடம். 300க்கு 20 மணி, 400க்கு 27 மணி, 600க்கு 40 மணி. வழியில் கன்ட்ரோல் என்று சில இடங்கள். ஒவ்வொன்றிலும் நேரத்துக்குள் போய் அட்டையில் குறித்துக்கொள்ள வேண்டும். இந்த நான்கு தூரத்தையும் ஒரே சீசனில் முடித்தவரைச் சூப்பர் ரேண்டனர் என்பார்கள். சீசன் நவம்பர் 1இல் தொடங்கி அடுத்த அக்டோபர் 31இல் முடிகிறது. உலகம் முழுக்க இதைக் கட்டிக் காப்பது பாரிஸில் உள்ள ஆடாக்ஸ் கிளப் பாரிசியன். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் 1,200 கி.மீ. பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸும் அவர்களுடையதுதான், 2019இலும் 2023இலும் நூற்றுக்கணக்கான இந்தியர்கள் அங்கே போய் ஓட்டினார்கள்.

அந்த கிளப் தொடங்கிய ஆண்டு 1904. திருவல்லிக்கேணியில் டி.யூ.சி.எஸ். கூட்டுறவுச் சங்கம் தொடங்கியதும் அதே ஆண்டு. இரண்டும் உறுப்பினர்கள் தாங்களே கூடி நடத்தியவை என்பதால், அந்தச் சங்கத்தின் பக்கம் போகும்போதெல்லாம் இந்த ஒற்றுமை எனக்கு ஞாபகம் வரும்.

முதலில் இரண்டு காலண்டர்

ஆபீஸ் காலண்டரையும் மழைக் காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். செப்டம்பர் 30 அரையாண்டுக் கணக்கு முடிவு. அக்கவுண்ட்ஸில் இருப்பவர்களுக்கு அக்டோபர் முதல் இரண்டு வாரம் மூச்சுவிட நேரம் இருக்காது. தீபாவளி பெரும்பாலும் அக்டோபர் இரண்டாம் பாதியிலிருந்து நவம்பர் நடுப்பகுதிக்குள் விழும். தி. நகர் ஜவுளிக்கடையில் வேலை செய்பவர் அதற்கு முந்தைய மூன்று வாரத்தில் லீவு கேட்கவே கூடாது. கேட்டால் கிடைக்காது என்பது ஒருபுறம், அந்த நேரத்தில் கேட்டவர் என்ற பெயர் அடுத்த பொங்கல் வரை ஒட்டிக்கொண்டிருக்கும்.

அதனால் 600ஐ அக்டோபருக்கு வைக்காதீர்கள். ஆனி, ஆடியில் முடித்துவிடுங்கள். ஆடியில் கடைகளில் தள்ளுபடி விற்பனை இருப்பதால் கடைக்காரர்களுக்கு மட்டும் அதுவும் சிரமம். அவர்களுக்குப் பொங்கல் கழிந்த தை, மாசிதான் நல்ல காலம். ஐப்பசிக்கு ஏதாவது மிஞ்சினால் அது 200 அல்லது 300ஆக இருக்கட்டும்.

புதிதாக வருகிறவர்கள் தூரத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். வேலைக்குப் போகிறவர் பார்க்க வேண்டியது தூரத்தை இல்லை, கிளம்பும் நேரத்தை. சனிக்கிழமை காலை 6 மணிக்குக் கிளம்பும் 400, கடைசி நிமிடம் வரை இழுத்தாலும் ஞாயிறு காலை 9 மணிக்கு முடிந்துவிடும். மீதி ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தூங்கக் கிடைக்கும். ஞாயிறு காலை 6 மணிக்குக் கிளம்பும் 200 அன்று இரவு ஏழரை வரை போகலாம். அறைக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுக்கும்போது பதினொன்று. பாதித் தூரம்தான், ஆனால் திங்கட்கிழமையை அதிகமாகத் தின்பது இந்த 200தான். 600 என்றால் சனி காலை 5 மணிக்குக் கிளம்பினாலும் ஞாயிறு இரவு 9 வரை நேரம் உண்டு. அதற்குத் திங்கட்கிழமை லீவை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

வாரம் ஆறு நாள் வேலை பார்ப்பவருக்குக் கணக்கு வேறு. சனிக்கிழமை இரவு 9 மணிக்குக் கிளம்பும் 300 அவருக்கு ஏற்றது; ஞாயிறு மாலை 5க்குள் முடிந்துவிடும். ஆனால் பகலெல்லாம் கடையிலோ பேக்டரியிலோ நின்றுவிட்டு ராத்திரி சைக்கிள் ஏறக் கூடாது. அந்தச் சனிக்கிழமை மதியத்துக்கு மேல் அரைநாள் லீவு எடுத்து மூன்று மணி நேரமாவது தூங்குங்கள்.

மேலதிகாரியிடம் என்ன சொல்வது

உண்மையைச் சொல்லுங்கள். பாட்டிக்கு உடம்பு சரியில்லை, ஊரில் கோயில் விசேஷம் என்று பொய் சொல்லி லீவு வாங்கும் பழக்கம் சைக்கிள்காரருக்குச் சுத்தமாக ஒத்துவராது. முகத்திலும் கையிலும் வெயில் கோடு விழுந்திருக்கும், நடையில் தெரியும், யாராவது ஒருவர் போட்டோ எடுத்துப் போட்டிருப்பார்.

தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் வரும் வேலையிடங்களில் ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு, 12 நாள் மருத்துவ விடுப்பு, ஓராண்டு பணி முடித்தவருக்கு 12 நாள் ஈட்டிய விடுப்பு உண்டு. சீசனின் நான்கு ரைடுக்கும் சேர்த்து மூன்று, நான்கு நாள் தற்செயல் விடுப்புப் போதும். மருத்துவ விடுப்பில் கை வைக்காதீர்கள். மழைக்காலம் முன்னால் இருக்கிறது, டெங்கு வரும் ஊர் இது. அந்த 12 நாள் அதற்கு வேண்டும்.

பேச்சு இப்படி இருக்கலாம்: “சார், வர்ற பதினெட்டாம் தேதி சனிக்கிழமை ஒரு லீவு வேணும். 400 கிலோமீட்டர் சைக்கிள் ரைடு, ஞாயித்துக்கிழமை காலைல முடிஞ்சிடும். திங்கக்கிழமை வழக்கம்போல வந்துடுவேன். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஸ்டேட்மென்ட்ட முடிச்சு அனுப்பிடறேன். சனிக்கிழமை அவசரம்னா பக்கத்து சீட்ல பாத்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க.” தேதி, திரும்பும் நாள், முடித்துவைக்கும் வேலை, மாற்று ஆள் எல்லாம் இதிலேயே வந்துவிட்டது. மூன்று வாரத்துக்கு முன்பே சொல்லுங்கள். சைக்கிளின் மகிமையை விளக்க வேண்டாம்; அவர் கேட்டால் சொல்லலாம். பெரும்பாலும் கேட்பார்.

வேலையிடத்தில் தெரிந்தால் வேலையில் கவனம் இல்லை என்று நினைத்துவிடுவார்களோ என்று பலர் மறைக்கிறார்கள். இதே திருவல்லிக்கேணித் தெருக்களில் குடியிருந்த கணித மேதை ராமானுஜனை நினைத்துக்கொள்ளுங்கள். 1912இல் மெட்ராஸ் போர்ட் டிரஸ்டில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அவருடைய கணக்கு அங்கே ரகசியமாக இல்லை. மேலதிகாரி நாராயண ஐயர் தாமே கணிதம் தெரிந்தவர். கூட உட்கார்ந்து கணக்குப் போட்டார். தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் வரை விஷயம் போயிற்று, அவர்கள் முயற்சியும் சேர்ந்துதான் 1913இல் பல்கலைக்கழகத்தின் 75 ரூபாய் உதவித்தொகை வந்தது. நம் சைக்கிள் அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. ஆனால் ஆபீசுக்கு வெளியே மனம் தோய்ந்து செய்யும் ஒன்றை ஆபீசில் நாலு பேர் அறிந்திருப்பதால் நன்மைதான் அதிகம் என்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நைட் ஷிப்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ராத்திரி விழித்திருந்து பழகியதால் இரவு ரைடு எளிது என்று நினைப்பீர்கள். குளிரூட்டிய அறையில் நாற்காலியில் விழித்திருப்பதும், மழையில் லாரிக்குப் பக்கத்தில் விழித்திருப்பதும் ஒன்றில்லை. ஷிப்ட் முடித்து நேராகக் கிளம்புவதை அறவே தவிருங்கள்.

பயிற்சிக்கு நேரம் எங்கே

ஆபீஸ் போகிற வழியில்தான். திருவல்லிக்கேணியிலிருந்து டைடல் பார்க் ஏறத்தாழ 10 கி.மீ. காமராஜர் சாலை, சாந்தோம், அடையாறு பாலம், திருவான்மியூர். காலை ஆறரைக்குக் கிளம்பினால் பேருந்தை விடச் சீக்கிரம் போய்ச் சேரலாம். போக வர வாரம் ஐந்து நாள் என்றால் 100 கி.மீ. ஆகிவிட்டது. சனிக்கிழமை ஒருநாள் மாமல்லபுரம் போய்வந்தால் இன்னொரு நூறு.

இதற்கு ஆபீசில் மூன்று ஏற்பாடு வேண்டும். முதலாவது, சைக்கிள் நிறுத்த இடம். அட்மினுக்கு மெயில் போடுவதற்கு முன் வாட்ச்மேனிடம் போங்கள். “அண்ணே, பேஸ்மென்ட்ல ஓரமா வச்சுக்கட்டுமா, யாருக்கும் இடைஞ்சல் இல்லாம?” என்று கேட்டவருக்கு இடம் கிடைக்காமல் போனதை நான் பார்த்ததில்லை. இரண்டாவது, துணி. திங்கட்கிழமையே ஐந்து சட்டையையும் கொண்டுபோய் வைத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை திரும்பக் கொண்டுவாருங்கள். மூன்றாவது, வியர்வை. குளியலறை இல்லாத ஆபீசில் ஈரத் துண்டும் பத்து நிமிடமும் போதும், ஆனால் அந்தப் பத்து நிமிடம் வேலை நேரத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். வியர்வையோடு மீட்டிங்கில் உட்காராதீர்கள். பக்கத்தில் இருப்பவர் சொல்ல மாட்டார், சகித்துக்கொள்வார். அது நியாயமில்லை.

மணலில் ஓட ஆசைப்படுபவர்கள் மெரினாவில் விடியற்காலையில் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிப் பார்க்கலாம். பெல்ஜியத்தில் காக்ஸெய்டே என்ற கடற்கரை ஊரின் மணல்மேடுகளில் உலகப் போட்டியே நடந்திருக்கிறது. நல்ல பயிற்சிதான், ஆனால் அன்றே நல்ல தண்ணீரில் சைக்கிளைக் கழுவி செயினைத் துடைத்து எண்ணெய் விட வேண்டும். உப்பு மணல் ஒரே வாரத்தில் செயினை அரித்துவிடும்.

மேன்ஷன், ஹாஸ்டல்

மேன்ஷன் அறையில் மூன்று கட்டில், நடுவே ஓர் ஆள் நிற்க இடம். அங்கே சைக்கிளை வைப்பதற்கு அறைத்தோழர்களின் சம்மதம் வேண்டும். முன்சக்கரத்தைக் கழற்றிச் சுவரோரம் நிமிர்த்தி வைத்தால் ஒரு பெட்டியின் இடம்தான் பிடிக்கும். மழையில் ஓட்டிவிட்டு அப்படியே மேலே கொண்டுவராதீர்கள். கீழே தொட்டிப் பக்கம் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, பழைய துணியால் சக்கரத்தைத் துடைத்துவிட்டுத் தூக்குங்கள். படியில் சேற்றுத் தடம் விழுந்தால் மறுநாள் பெருக்குபவர் குனிந்து துடைக்க வேண்டும்.

பெண்கள் ஹாஸ்டலில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய தடை, கேட். இரவு ஒன்பதுக்கோ பத்துக்கோ மூடிவிடுவார்கள், விடிகாலை நாலரைக்குத் திறக்க மாட்டார்கள். வார்டனிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்: எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வெளியே போகிறேன், யாரோடு ஓட்டுகிறேன், யாரைத் தொடர்புகொள்ளலாம். ஓட்டும்போதும் இரவில் தெரிந்த ஒரு குழுவோடு சேர்ந்துகொள்ளுங்கள். கழிவறைக்கு வெளிச்சமான பெட்ரோல் பங்க் எங்கெங்கே என்று முன்பே பார்த்து வையுங்கள். இதெல்லாம் ஆண்கள் யோசிக்கவே தேவைப்படாத வேலைகள். ரைடு நடத்துகிறவர்கள் இந்தப் பட்டியலைத் தாங்களே தயாரித்துக் கொடுத்தால் இன்னும் நிறையப் பெண்கள் வருவார்கள்.

ஊரில் இருக்கும் அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள். “மழையில எதுக்குடா?” என்பார். எத்தனை மணிக்கு எந்த ஊரில் இருப்பேன், எங்கிருந்து போன் பண்ணுவேன் என்று சொன்னால் பாதிக் கவலை தீரும். சொன்ன நேரத்துக்குப் போன் பண்ணுவது மீதிப் பாதி.

மழையில் ஓட்டுவது

சென்னையிலிருந்து ஈ.சி.ஆரில் புதுச்சேரி போய்த் திரும்பினால் 300 ஆகிவிடும். ஐப்பசியில் இந்த வழியில் ஒரு சூது உண்டு. காற்று வடகிழக்கிலிருந்து வீசும். போகும்போது முதுகைத் தள்ளும்; நாம் இவ்வளவு வேகமா என்று மகிழ்ந்துபோவோம். திரும்பும்போது அதே காற்று நூற்றைம்பது கிலோமீட்டரும் முகத்தில் அறையும், மழையையும் சேர்த்துக்கொண்டு. 150ஆவது கிலோமீட்டர் கன்ட்ரோலுக்கு 10 மணி நேரம் தருவார்கள். அங்கே ஏழு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால்தான் திரும்புவதற்கு 13 மணி நேரம் கையில் இருக்கும். அந்த 13 மணி நேரமும் செலவாகும் என்று வைத்துக்கொண்டே கிளம்புங்கள்.

ஓர் அக்டோபரில் மரக்காணம் உப்பளத்தைத் தாண்டி வடக்கே திரும்பி வந்துகொண்டிருந்தேன். இரவு இரண்டு மணி, விடாத மழை. நம்மூரில் குளிராது என்று மெல்லிய ஜெர்சியோடு கிளம்பியிருந்தேன். வெப்பநிலை 24 டிகிரிதான் இருந்திருக்கும்; ஆனால் நனைந்த உடம்பில் எதிர்க்காற்று பட்டுக்கொண்டே இருந்தால் 24 டிகிரியிலும் பல் கிட்டும். விரல் மரத்து பிரேக்கைச் சரியாக அழுத்த முடியவில்லை. ஒரு டீக்கடையில் ஒதுங்கினேன். கடைக்கார அம்மா டீயை வைத்துவிட்டுப் பஜ்ஜி மடிக்கும் பேப்பரில் நாலைந்து தாளை எடுத்து நீட்டினார். “சட்டைக்குள்ள வச்சுக்க தம்பி, நெஞ்சுல காத்து அடிக்காது.” ஐரோப்பாவில் மலையிறக்கத்துக்கு முன் பந்தயக்காரர்கள் செய்வதும் இதையேதான். அந்த அம்மா அதைக் கற்றது விடியற்காலையில் பைக்கில் மீன் எடுக்கப் போகும் தன் வீட்டுக்காரரிடமிருந்து. சீசனை அன்று முடித்துத் தந்தது அந்தப் பேப்பர்தான். அன்றிலிருந்து, காற்றை மறைக்கும் ஒரு மெல்லிய கோட்டும், பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஓர் உலர்ந்த பனியனும் இல்லாமல் நான் கிளம்புவதில்லை.

மற்றவை வேகமாக: டயரில் காற்றை வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறையுங்கள், பிடிமானம் கூடும். சைக்ளோகிராஸில் 33 மில்லிமீட்டர் வரை அகல டயர் போடலாம். உங்கள் சைக்கிளில் 28 அல்லது 32 இடம் பிடித்தால் மழைக்கு அதை மாட்டுங்கள். வெள்ளைக் கோடு, பாதாளச் சாக்கடை மூடி, பாலத்தின் இரும்புப் பட்டை மூன்றும் ஈரத்தில் வழுக்கும், அவற்றின் மேல் திரும்பவும் கூடாது, பிரேக் பிடிக்கவும் கூடாது. பிரெவே அட்டை, போன், பணம் ஒவ்வொன்றையும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். பின்விளக்கு இரண்டு வேண்டும், மழையில் ஒன்று போய்விடும். கடலை மிட்டாய் நனைந்தாலும் கெடாது; பொடி தடவிய இட்லி எட்டு மணி நேரம் தாங்கும்; வாழைப்பழம் எங்கும் கிடைக்கும்.

தெருவில் தேங்கிய தண்ணீரில் மட்டும் துணிச்சல் காட்டாதீர்கள். அடியில் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளமோ மூடியில்லாத குழியோ இருக்கலாம். இறங்கிவிடுங்கள், சைக்கிளைத் தோளில் போடுங்கள், சாலையின் நடுமேட்டில் நடங்கள். மேன்ஷன் படியில் பழகியது இங்கே பயன்படட்டும். வெட்டுக்காயமோ சிராய்ப்போ உள்ள காலோடு அந்தத் தண்ணீரில் நின்றிருந்தால் வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அடுத்த இரண்டு, மூன்று வாரத்தில் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் “மழைத் தண்ணீரில் நின்றேன்” என்று மறக்காமல் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்க அந்த ஒரு தகவல் உதவும்.

விட்டுவிடுவதும் வேலைதான்

2012 அக்டோபர் 31, அதாவது சீசனின் கடைசி நாள் அன்று மாமல்லபுரத்துக்கு அருகே நீலம் புயல் கரையைக் கடந்தது. பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பல் சென்னைக் கரையில் தரைதட்டி, மாலுமிகள் சிலர் உயிரிழந்தார்கள். கடற்கரைச் சாலையில் ஐப்பசியில் என்ன நடக்கலாம் என்பதற்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. வானிலை மையம் சிவப்பு எச்சரிக்கை கொடுத்திருந்தால் கிளம்பாதீர்கள். இடி இடித்தால் வெட்டவெளியில் நிற்காதீர்கள், கட்டடத்துக்குள் ஒதுங்குங்கள். கண் சொக்கினால் ஓட்டாதீர்கள். பேருந்து நிறுத்தத்து பெஞ்சில் இருபது நிமிடம் தூங்கி எழுந்து பார்த்து, அப்போதும் தெளியவில்லை என்றால் ரைடு அங்கேயே முடிந்தது.

விடுவதற்கும் முன்பே திட்டம் வேண்டும். ஒரு குட்டி யானை (சிறு சரக்கு வண்டி) டிரைவரின் எண்ணைப் போனில் வைத்திருங்கள். கையில் இரண்டாயிரம் ரூபாய் ரொக்கம் இருக்கட்டும். ரைடு நடத்துபவரிடம் விடுகிறேன் என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் போனால் அந்த மழையில் உங்களைத் தேடி ஒருவர் அலைவார். தூக்கக் கண்ணோடு பைக் ஓட்டிக்கொண்டு அறைக்குத் திரும்பவும் வேண்டாம். 300 கி.மீ. பத்திரமாக ஓட்டிவிட்டுக் கடைசி ஐந்து கிலோமீட்டரில் விழுந்தவர்களை எனக்குத் தெரியும்.

பயோடேட்டாவில் போடலாமா

போடலாம், ஒரே வரியில். தூரம், நேர வரம்பு, ஆண்டு. “600 கி.மீ. நெடுந்தூர சைக்கிள் ரைடு, 40 மணி நேர வரம்புக்குள், 2023” என்று இருந்தால் போதும். இன்டர்வியூவில் கேட்டால், பஞ்சரானபோது என்ன செய்தீர்கள், நேரம் குறைந்தபோது எதை விட்டீர்கள் என்று நடந்ததைச் சொல்லுங்கள். மன உறுதி, விடாமுயற்சி என்று நீங்களே உங்களுக்குப் பட்டம் கொடுத்துக்கொள்ள வேண்டாம்; கேட்பவர் அதைத் தாமே எடுத்துக்கொள்வார்.

அதைவிட நல்ல வரி ஒன்று உண்டு. ஒரு சீசனில் ஒரு முறையாவது ரைடை ஓட்டாமல் கன்ட்ரோலில் வாலன்டியராக உட்காருங்கள். நனைந்து வருகிற ஐம்பது பேருக்கு முத்திரை குத்தி, டீக்கு ஏற்பாடு செய்து, வராமல் போன மூன்று பேரைப் போனில் தேடி, விடிந்ததும் கணக்கை ஒப்படைப்பது ஒரு முழு மேலாண்மைப் பாடம். டீம் லீடர் ஆக வேண்டும் என்பவர்களுக்கு நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

திங்கட்கிழமை

பல ஆண்டுக்கு முன் ஒரு மழை ரைடு முடித்துத் திங்கட்கிழமை காலை நேராக ஆபீஸ் போய், வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய விலைப்பட்டியலில் ஒரு நெடுவரிசையை மாற்றி ஒட்டி அனுப்பிவிட்டேன். மேலதிகாரி கண்டுபிடித்துத் திருத்தினார், ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. உடம்பு தேறிவிட்டதாகத் தோன்றினாலும் தலை தேற இன்னொரு நாள் ஆகும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அதனால் அந்த நாளை வெள்ளிக்கிழமையே அமைத்துவிடுங்கள். பிரசன்டேஷன், சம்பளப் பேச்சு, பணம் சம்பந்தப்பட்ட கையெழுத்து எதுவும் திங்கட்கிழமைக்கு வேண்டாம். கோப்பு அடுக்குவது, நிலுவை மெயில்களுக்குப் பதில், பழைய பில் சரிபார்ப்பு போன்றவை இருக்கட்டும். எதை அனுப்பினாலும் பக்கத்து சீட்காரரை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். சனிக்கிழமை உங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான் என்றால் மதியச் சாப்பாடு உங்கள் கணக்கில். ரைடு எப்படி இருந்தது என்று கேட்பவர்களுக்கு இரண்டு நிமிடம் சொல்லுங்கள். கேட்காதவர்களிடம் வேலையைப் பேசுங்கள்.

சாயங்காலம் சீக்கிரம் கிளம்பிவிடுங்கள். பைகிராப்ட்ஸ் ரோட்டில் இறங்கி, ரத்னா கபேயில் சாம்பார் மிதக்கும் இட்லி ஒரு தட்டு சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போங்கள். முதல்நாள் கழுவி வைத்த சைக்கிளின் செயினில் துரு பூத்திருக்கும். துணியால் துடைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பத்து நிமிடம் கழித்து மிச்சத்தைத் துடைத்தெடுங்கள். ஷூவுக்குள் திணித்த பேப்பர் இந்நேரம் ஊறிப்போயிருக்கும். அதை எடுத்துப் போட்டுவிட்டுப் புதுப் பேப்பரைக் கசக்கித் திணித்து, நாக்கை வெளியே இழுத்துவிட்டு, மின்விசிறிக்கு நேர் கீழே வையுங்கள். படுக்கப் போகும் முன் இன்னொரு முறை மாற்றினால் புதன்கிழமை காலை போட்டுக்கொண்டு கிளம்பலாம்.